நெறி கட்டுவது ஏன்? நிணநீரைப் பற்றி வகுப்பறையில் பேசுவோம்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும். பல் சொத்தையானாலும் தலையில் புண் வந்தாலும் கழுத்தில் நெறி கட்டும். இதைச் சொல்ல நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் வேறிடத்தில் வருகிறது என்பதை அவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். இரண்டு இடங்களையும் இணைக்கும் பாதை எது என்ற கேள்விக்கு விடைதான் நிணநீர் மண்டலம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்டப் பாடத்தின் ஓரத்தில் இந்த மண்டலம் சில வரிகளில் வந்துபோகிறது. இதயத்துக்கும் இரத்த வகைகளுக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, இதைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. தேர்வு நோக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அன்றாடப் பழக்கங்களோடு இவ்வளவு நேரடித் தொடர்புள்ள பாடம் வேறு அதிகம் இல்லை. ஆசிரியர்களாகிய நம் கால்களுக்கும் இந்தப் பாடத்தோடு தொடர்பு உண்டு.

எப்படி ஓடுகிறது இந்த நீர்?

இரத்தம் நுண்குழாய்கள் வழியே செல்லும்போது அதன் நீர்ப்பகுதி கொஞ்சம் வெளியே கசிந்து திசுக்களை நனைக்கிறது. ஒரு நாளில் இப்படிக் கசிவது ஏறக்குறைய 20 லிட்டர். அதில் சுமார் 17 லிட்டர் திரும்பவும் இரத்தத்துக்கே போய்விடுகிறது, மீதி 3 லிட்டரை நிணநீர்க் குழாய்கள் சேகரிக்கின்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள மொத்தப் பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர்தான். மாணவர்களிடம் இதைச் சொல்லி, "இந்த 3 லிட்டர் திரும்பி வராமல் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். திசுக்கள் வீங்கும், இரத்தத்தின் அளவு குறையும் என்ற விடைக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

சேகரித்த நீர் போகும் வழியில் நிணநீர் முடிச்சுகள் சோதனைச் சாவடிகள்போல நிற்கின்றன. உடலில் இவை பல நூறு உண்டு. கிருமி ஏதேனும் வந்தால் வெள்ளணுக்கள் அங்கேயே பெருகிப் போரிடுகின்றன. அந்த வேலையின் அடையாளம்தான் நெறி கட்டுவது. வடிகட்டப்பட்ட நீர் கடைசியில் கழுத்துக்குக் கீழே, காறை எலும்புகளுக்குப் பின்னால் உள்ள பெரிய சிரைகளில் சேர்ந்து மீண்டும் இரத்தமாகிறது.

கால் விரலிலிருந்து காறை எலும்பு வரை புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டிய இந்த நீருக்கு இதயம்போல ஒரு மையப் பம்பு கிடையாது. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவர்கள் தாமாகவே மெல்லச் சுருங்கி விரியும். பின்னோக்கி வழியாமல் தடுக்க வால்வுகள் உண்டு. இவற்றுக்குத் துணையாக நிற்பவை இரண்டு. ஒன்று, நாம் நடக்கும்போது சுருங்கி இக்குழாய்களைப் பிழியும் தசைகள், முக்கியமாகக் கெண்டைக்கால் தசை. மற்றொன்று மூச்சு. ஆழமாக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, கீழே உள்ள நீர் மேலே இழுக்கப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், நாம் அசைந்தால் நிணநீர் நன்றாக அசையும். நாம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் அது கணுக்காலில் தங்கும்.

ஆசிரியரின் கணுக்காலில் ஓர் ஆய்வு

பெசன்ட் நகர்ப் பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். தொடர்ந்து ஐந்து பாடவேளை நின்றால் மாலையில் செருப்பு வார் பதிந்த தடம் புறங்காலில் ஆழமாகத் தெரியும். நம்மில் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. இதையே நான் எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடாக மாற்றினேன்.

காலை வழிபாடு முடிந்ததும் ஒரு மாணவி கம்பளி நூலால் என் கணுக்காலைச் சுற்றி அளந்து நூலில் மையால் குறியிடுவார். கடைசி மணி அடித்ததும் அதே இடத்தில் மீண்டும் அளப்பார். ஒரு வாரம் நான் வழக்கம்போல நின்றபடியே பாடம் நடத்தினேன். அடுத்த வாரம் ஒவ்வொரு பாடவேளையிலும் இருபது முறை குதிகாலை உயர்த்தி இறக்கினேன், கரும்பலகை அருகிலேயே நிற்காமல் பெஞ்சுகளுக்கு இடையில் நடந்தேன். இரண்டாம் வாரத்தில் மாலை நூலுக்கும் காலை நூலுக்கும் உள்ள இடைவெளி குறைவாகத் தெரிந்தது. உடனே ஒரு மாணவன், "ஒரே ஒருத்தர் காலை வெச்சு எப்படி முடிவு பண்றது? அந்த வாரம் வெயிலும் கம்மி, டீச்சர்" என்றான். அந்தக் கேள்விக்காகவே இந்தச் செயல்பாட்டைச் செய்யலாம். எத்தனை பேரை அளக்க வேண்டும், எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று அன்று வகுப்பு முழுவதும் விவாதம் நடந்தது.

வால்வு வேலை செய்வதைக் காட்ட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று போதும். அதில் நீர் நிரப்பி, செங்குத்தாகப் பிடித்து நடுவில் பிழியச் சொல்லுங்கள். மேலே ஏறிய நீர் கையை எடுத்ததும் கீழே வந்துவிடும். இப்போது இரண்டாவது மாணவர், நீர் ஏறியதும் அதற்குக் கீழே விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். நீர் அங்கேயே நிற்கும். முதல் மாணவர் தசை, இரண்டாவது மாணவர் வால்வு. இதன்பின் வால்வைப் பற்றிய விளக்கத்தை அவர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பாதை அடைபட்டால்: நம் ஊரின் பழைய நோய்

நிணநீர்ப் பாதை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தேடி அலைய வேண்டியதில்லை. யானைக்கால் நோய் நம் மாநிலத்தில், சென்னை உட்பட, தலைமுறைகளாக இருந்த நோய். இதற்குக் காரணமான புழுக்கள் நூல்போல மெலிந்தவை. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற வகை. இவை குடியிருப்பது நிணநீர்க் குழாய்களுக்குள்ளேயே. 6 முதல் 8 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து இலட்சக்கணக்கான நுண்புழுக்களை இரத்தத்தில் விடுகின்றன.

இந்த நோயின் அறிவியல் வரலாற்றில் இந்தியாவுக்கு இடம் உண்டு. 1872இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் இந்த நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்ற எண்ணத்துக்கு வழி திறந்த கண்டுபிடிப்பு அது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் காண்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது.

இந்த நுண்புழுக்கள் இரவில்தான் வெளி இரத்த ஓட்டத்துக்கு அதிகம் வரும். சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாக வந்து இரத்தம் எடுத்ததற்கு அதுவே காரணம். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில் கடிப்பது. புழுவின் நேரமும் கொசுவின் நேரமும் இப்படிப் பொருந்திப்போவதை உயிரினங்களுக்கு இடையிலான உறவுகளைக் கற்பிக்கும்போது எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்: இந்தத் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஏற்படுகிறது. வெளியே எதுவும் தெரியாமல் நிணநீர்க் குழாய்கள் பழுதாகின்றன. வீக்கம் தெரிய வருவது பல ஆண்டுகள் கழித்து. ஒரு கொசுக்கடியில் நோய் வந்துவிடாது; மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடி வாங்கினால்தான் வரும். எனவே பள்ளி வயதில் கொசுவலைக்குள் உறங்கும் பழக்கம் ஐம்பது வயதுக் காலைக் காக்கிறது.

சோப்பும் தண்ணீரும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுப்பு எடுத்தாள். விசாரித்தபோது, பாட்டிக்குக் கால் வீக்கம், திடீர் திடீரெனக் குளிர்காய்ச்சல், வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தண்ணீர் பட்டால் வீக்கம் கூடும் என்று யாரோ சொன்னதால் பாட்டி அந்தக் காலைக் கழுவுவதையே விட்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

வீங்கிய காலில் வரும் அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் புழு அல்ல. நிணநீர் தேங்கிய தோலில் எதிர்ப்பாற்றல் குறைவு. விரலிடுக்குப் புண், வெடிப்பு, கீறல் வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் குழாய்களையும் கெடுத்து வீக்கத்தைக் கூட்டுகிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயர் 1990களில் இதை எடுத்துக்காட்டினார். தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும் என்பது அவருடைய நோயாளிகளிடம் தெரிந்தது. இன்று உலகெங்கும் இதுவே அடிப்படைப் பராமரிப்பு.

அந்த மாணவியைத் தாயுடன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அங்கே செவிலியர் கற்றுத்தந்ததை அவள் வகுப்பிலும் செய்து காட்டினாள்: சாதாரணத் தண்ணீர், சோப்பு, மென்மையான துணி. தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்குகளில் ஈரம் தங்கவே கூடாது. புண் இருந்தால் மருத்துவர் தந்த களிம்பு. உட்காரும்போது காலை ஸ்டூல்மேல் வைப்பது, உறங்கும்போது தலையணைமேல் வைப்பது. கணுக்காலைச் சுழற்றுவது. காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் பயிற்சி இல்லை, ஓய்வும் மருத்துவரும்தான். பாட்டியின் கால் பழைய அளவுக்குத் திரும்பிவிடவில்லை. ஆனால் காய்ச்சல் நாட்கள் குறைந்தன, பேத்தியின் விடுப்பு நாட்களும் குறைந்தன.

வகுப்பில் ஒருவன், "தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டான். ஒட்டாது. கொசு இல்லாமல் இந்த நோய் பரவாது. இதை உரக்கச் சொல்ல வேண்டிய இடம் வகுப்பறைதான். யானைக்கால் என்ற சொல்லைக் கேலிப்பெயராகப் பயன்படுத்தும் வழக்கத்தை நிறுத்த வேண்டிய இடமும் அதுவே.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் ஒரு துளி இரத்தம்

இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. 2004 முதல் பாதிப்புள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் டிஇசி மாத்திரை வழங்கப்பட்டது. பின்னர் அதோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையாக நோயுற்றவர்கள் தவிர மற்ற அனைவரும் சாப்பிட வேண்டும். "எனக்குத்தான் நோய் இல்லையே, நான் ஏன் சாப்பிட வேண்டும்?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் எழுந்தது. ஒருவருக்கு வெளியே எதுவும் தெரியாமலே இரத்தத்தில் நுண்புழு இருக்கலாம், அவரிடமிருந்து கொசு எடுத்துச் செல்லலாம் என்பதே விடை.

மாத்திரை கொடுத்துப் பல ஆண்டுகள் ஆன பின் நோய் பரவல் நின்றுவிட்டதா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் தொடக்கப் பள்ளிகள் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி 6, 7 வயதுக் குழந்தைகளை, அதாவது ஒன்று, இரண்டாம் வகுப்பில் படிப்பவர்களைத் தேர்ந்து, விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். மாத்திரை வழங்கத் தொடங்கிய பின் பிறந்த குழந்தைகளிடம் தொற்று அநேகமாக இல்லையென்றால், பரவல் நின்றுவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டிலும் இந்தக் கணக்கெடுப்பு பள்ளிகளில் நடந்திருக்கிறது. சுகாதாரக் குழு வரும் நாளில், அழுகிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் ஒரு பெரிய பொது சுகாதார முயற்சியின் கடைசிப் படியில் நிற்கிறார். பெற்றோருக்கு முந்தைய நாளே காரணத்தைச் சொல்லி அனுப்பினால் பயம் பாதியாகிவிடும்.

இது முடியாத காரியம் அல்ல. இலங்கை 1947இல் யானைக்கால் நோய்க்கெனத் தனி இயக்கம் அமைத்தது. 2016இல் அந்நாட்டில் இந்நோய் பொது சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கொசுவின் முகவரி

டெங்கு விழிப்புணர்வால் நம் மாணவர்களுக்கு ஏடிஸ் கொசு நன்கு தெரியும்: நல்ல தண்ணீரில் வளரும், பகலில் கடிக்கும், உடலில் வெள்ளைக் கோடு. கியூலெக்ஸ் இதற்கு நேர் எதிர். சாக்கடை, தேங்கிய கழிவுநீர், கழிவுநீர்த் தொட்டி இவைதான் அதன் இடம். கடலோரத்தில் இருப்பதால் பெசன்ட் நகரில் காற்று அடித்துக்கொண்டுபோய்விடும் என்று நினைத்துவிட முடியாது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலந்து நின்றாலே போதும். "தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டோம், இன்னும் கொசு ஏன்?" என்ற மாணவர்களின் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தெருவின் வரைபடத்தில் நல்ல நீர் தேங்கும் இடங்களை நீலத்திலும், கழிவுநீர் தேங்கும் இடங்களைச் சிவப்பிலும் குறிக்கச் சொல்லலாம். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்பதையும் வீட்டில் பார்த்து வரச் சொல்லுங்கள்.

எதை நம்புவது, எதை விடுவது

நிணநீரைச் சுத்தம் செய்யும் பானம், நச்சை வெளியேற்றும் தூரிகை, ஒரே வாரத்தில் வீக்கம் போக்கும் பொடி என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் ஆசிரியர் குழுக்களிலும் சுற்றுகின்றன. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன; நலமாக உள்ளவரின் நிணநீருக்குத் தனியாகச் சுத்திகரிப்பு வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது அசைவு, மூச்சு, புண்ணில்லாத தோல். எலியட்ஸ் கடற்கரையில் காலையில் அரை மணி நேரம் நடப்பவர்கள் செலவில்லாமல் இதைச் செய்துவிடுகிறார்கள். பள்ளியில் தண்ணீர் மணி அடித்தால், நீர் அருந்தியதும் எல்லோரும் எழுந்து பத்து முறை குதிகாலை உயர்த்தி, ஐந்து முறை வயிறு எழும்ப மூச்சிழுத்துவிட்டு உட்காரலாம்.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அருகில்தான். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை அகற்ற நேர்ந்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். சிகிச்சை முடிந்து பணிக்குத் திரும்பும் சக ஆசிரியைகளுக்கு, கரும்பலகையில் உயர எழுதுவதையும் விடைத்தாள் கட்டு சுமப்பதையும் அவர்கள் உடல் பழகும்வரை நாம் பகிர்ந்துகொள்ளலாம். அந்தக் கையில் வெட்டு, தீக்காயம், தொற்று வராமல் பார்ப்பதும், மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சியை விடாமல் செய்வதும் முக்கியம்.

எல்லா வீக்கமும் நிணநீரால் வருவதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு காலும் நாள்தோறும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

குழந்தைகளின் கழுத்தில் சிறிய நெறி வருவது சாதாரணம். தொண்டை வலி, சொத்தைப் பல், பேன் கடித்துச் சொறிந்த புண் என ஏதேனும் காரணம் இருக்கும். காரணம் போனால் அதுவும் சுருங்கும். சில வாரங்களாகியும் சுருங்காமல் இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், கல்போலக் கெட்டியாக இருந்தால், காறை எலும்புக்கு மேலே தோன்றினால், அல்லது தொடர் காய்ச்சல், எடை குறைவு சேர்ந்திருந்தால், பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். நம் நாட்டில் காசநோய் கழுத்து நெறியாகவும் வரும். முழுமையாக மருந்து எடுத்தால் குணமாகும். தினமும் நாற்பது கழுத்துகளைப் பார்க்கிறவர்கள் நாம். வீட்டில் யாரும் கவனிக்காத ஒன்று நம் கண்ணில் படலாம்.